லிஃப்ட் ஸ்டாண்டின் ரப்பர் கழன்று பைக் சரிந்தது: பணமும் பழுதுச் செலவும் கேட்டுப் புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
தக்கலை அருகில், கன்னியாகுமரி மாவட்டம்.
(பெயர், முகவரி, ஆர்டர் எண் இணைத்துள்ள பில்லில் உள்ளன.)

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: சிசர் ஜாக்கி (திருகைச் சுற்றினால் கத்தரிபோல் விரிந்து உயரும் ஜாக்கி) வகை பைக் லிஃப்ட் ஸ்டாண்டின் குறைபாடு, பணத்தைத் திரும்பக் கேட்பது தொடர்பாக.

ஐயா / அம்மா,

'எல்லா பைக்குக்கும் ஏற்றது, 500 கிலோ தாங்கும்' என்று நீங்கள் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் இந்த லிஃப்ட் ஸ்டாண்டை வாங்கினேன். விளம்பரப் படத்தில் அதன்மேல் நிற்பதே ஒரு புல்லட்தான். என்னுடையதும் புல்லட் 350, சிலிண்டர் வார்ப்பிரும்பில் ஆன பழைய காஸ்ட் அயர்ன் எஞ்சின். அப்பா குலசேகரத்துக்கு ரப்பர் ஷீட் கட்டிக்கொண்டு போன வண்டி. டபுள் ஸ்டாண்டின் துளைகள் தேய்ந்து, நிறுத்தினால் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். அதைக் கழற்றி வெல்டிங்குக்குக் கொடுக்கவும், பின்சக்கரத்தை எடுத்து அந்தச் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ் மாற்றவும் வண்டி தரையைவிட்டுத் தூக்கி நிற்க வேண்டும். ஹாலோ பிளாக் அடுக்கி நிறுத்துகிறவர்கள் உண்டு. அந்தக் கல் எப்போது விரிசல் விடும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் காசு கொடுத்து உங்கள் பொருளை வாங்கினேன்.

நடந்ததைச் சொல்கிறேன். பின்சக்கரத்தின் ஆக்ஸில் நட்டை வண்டி தரையில் நிற்கும்போதே தளர்த்திவிட்டேன். தூக்கிய பிறகு ஸ்பேனரை அழுத்தி இழுப்பது ஆபத்து. முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்தேன். அப்புறம் ஸ்டாண்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு பலகை வைத்து வண்டியைத் தூக்கி, தங்கை மகன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, பின்சக்கரத்தை உருவினேன். சக்கரம் கைக்கு வந்த அதே நேரம் ஸ்டாண்டின் மேல்தட்டில் இருந்த ரப்பர் அப்படியே உரிந்து நழுவியது. வண்டி இடப்பக்கம் சரிந்தது. சேஸிஸின் மேல் குழாயை ஷெட் உத்தரத்தோடு சேர்த்து, குளச்சலில் வலைக்கடையில் வாங்கிய கயிற்றால் முன்பே கட்டியிருந்தேன். அந்தக் கயிறுதான் எங்கள் இருவரின் கால்களையும் காப்பாற்றியது. ஃபுட்ரெஸ்ட் வளைந்தது, சைலன்சர் நசுங்கியது. இரண்டுக்கும் பில் இணைத்திருக்கிறேன்.

கழன்ற ரப்பரைத் திருப்பிப் பார்த்தேன். பின்புறம் நூல் நூலாக மஞ்சள் பசை. தட்டில் பளபளவென்று பெயின்ட். ஒரு திருகு கிடையாது, திருகுக்கான துளைகூடக் கிடையாது. வழவழப்பான பெயின்ட்டின் மேல் பசையைத் தடவி ஒட்டி, அதன்மேல் ஒரு பைக்கை ஏற்றச் சொல்லியிருக்கிறீர்கள்.

உங்கள் பதிலில் இரண்டு காரணம் சொன்னீர்கள். ரப்பரில் எண்ணெய் பட்டதாம். பழைய புல்லட்டுக்கு அடியில் எண்ணெய் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்! எண்ணெய் பட்டால் கழன்றுபோகும் ரப்பரை எஞ்சினுக்கு அடியில் வைக்கும் பொருளில் ஏன் ஒட்டினீர்கள்?

இரண்டாவது, நான் நடுவில் பலகை வைத்தது 'தவறான பயன்பாடு' என்கிறீர்கள். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பல வண்டிகளில் சேஸிஸ் குழாய்கள் எஞ்சினுக்கு அடியில் ஓடும். ஜாக்கியை அந்தக் குழாய்களில் கொடுக்கலாம். காஸ்ட் அயர்ன் புல்லட்டில் அப்படி இல்லை. முன்னால் இறங்கும் ஒற்றைக் குழாய் எஞ்சினோடு நின்றுவிடும். அங்கிருந்து எஞ்சினேதான் சேஸிஸின் ஒரு பாகம். அடியில் இருப்பது எஞ்சினின் கீழ்க்கூடான அலுமினிய கிராங்க் கேஸ், எண்ணெய் வடிக்கும் ட்ரெயின் போல்ட், அவ்வளவுதான். உங்கள் தட்டை நேராகக் கொடுத்தால் முழு எடையும் அந்த போல்ட்டில் போய் உட்காரும். அதனால்தான் போல்ட்டுக்கு இடம் விட்டுச் செதுக்கிய பலாப் பலகை. புல்லட்டைப் படத்தில் போட்டு விற்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பெட்டிக்குள் வந்த தாளிலோ நாலு படங்கள் மட்டும்; எச்சரிக்கை என்று ஒரு வரி இல்லை.

500 கிலோ கணக்கும் எனக்குப் புரியவில்லை. என் வண்டி மொத்தமே 200 கிலோ வராது, ஸ்டாண்ட் நசுங்கிவிடும் என்று நான் பயப்படவில்லை. பைக் பக்கவாட்டில்தான் விழும். ஸ்டாண்டின் அடிப்பாகத்தை டேப் வைத்து அளந்தேன். அகலம் 22 சென்டிமீட்டர். நடுவிலிருந்து ஓரத்துக்கு 11. தூக்கிய வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டருக்குக் குறையாது. 10 டிகிரி சாய்வதற்குள் எடை அடிப்பாகத்தை விட்டு வெளியே போய்விடும். தூக்கும் திருகைத் தவிர, ஸ்டாண்டைப் பூட்டி நிறுத்தும் ஆணி எதுவும் இல்லை. வண்டியைக் கட்டி இறுக்க வளையமும் இல்லை. எங்கள் ஊர்ப் பஞ்சர் கடைக்காரர்கூட ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கை விடமாட்டார்; ஸ்டெப்னியைப் படுக்கப் போட்டுவிட்டுத்தான் குனிவார். நீங்கள் ஒரு ஜாக்கியை 'ஸ்டாண்ட்' என்று பெயர் வைத்து விற்றிருக்கிறீர்கள்.

வீடியோ ஆதாரம் வேண்டும் என்று உங்கள் ஆள் போனில் கேட்டார். சரிகிற வண்டியைப் பிடித்துக்கொண்டே படம் எடுக்க எனக்கு மூன்றாவது கை இல்லை. போட்டோக்கள் இணைத்திருக்கிறேன். திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்பதையும் ஏற்க முடியாது. சட்டையின் அளவு சரியில்லை என்று நான் கேட்கவில்லையே.

எனவே ஸ்டாண்டின் விலையும், ஃபுட்ரெஸ்ட், சைலன்சர் செலவும் தர வேண்டும். அதைவிட முக்கியம், விளம்பரத்திலிருந்து புல்லட் படத்தையும் 'எல்லா பைக்குக்கும்' என்ற சொல்லையும் எடுத்துவிட்டு, இதை ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு ரப்பர் கழலும் என்று தகவல் அனுப்புங்கள். கயிறு கட்டாதவர்களும் அதில் இருப்பார்கள்.

இணையவழி விற்பனை விதிகள் 2020-இன்படி இந்தப் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். போதிய எச்சரிக்கை இல்லாமல் விற்ற பொருளால் வரும் சேதத்துக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் இடம் இருக்கிறது. வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கும் போடலாம். நாகர்கோவில் எனக்குப் பக்கம்தான்.

ஸ்டாண்டைப் பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன். ரப்பர் தனிக் கவரில் இருக்கிறது. எடுத்துப்போக ஆள் அனுப்பும்போது முந்தின நாளே போன் செய்யுங்கள். காலையில் ரப்பர் மரத்தில் பால்வெட்டு இருப்பதால் பத்து மணிக்கு மேல்தான் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில்கள், போட்டோக்கள், உங்கள் பதிலின் நகல்.