அந்த ஒற்றைச் சிவப்புக் கோடு

வரலாற்றுப் பாடநூல் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். இருபது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் வரலாறு நடத்தியவன் நான். பட்டுப் பாதைப் பாடம் வரும்போதெல்லாம் நானும் கரும்பலகையில் அதே கோட்டைத்தான் இழுத்தேன்: சீனத்துச் சாங்கானில் தொடங்கி ரோமில் முடியும் ஒரே கோடு, மேலே ஓர் ஒட்டகம். அடுத்த பதிப்பிலாவது அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்.

அப்படியொரு சாலை இருந்ததில்லை. பெயரும் பழையதல்ல, 1877-இல் ஜெர்மானியப் புவியியலாளர் ரிக்தோஃபன் பரப்பியது. சரக்கு சந்தைக்குச் சந்தை கைமாறிப் போனது. கைமாறும் இடமெல்லாம் விலையும் ஏறியது. நடுவில் நின்று அந்த வணிகத்தை நடத்தியவர்களில் முக்கியமானவர்கள் மத்திய ஆசியாவில், இன்றைய உஸ்பெகிஸ்தானின் சாமர்கண்ட் பக்கத்துச் சோக்தியர்கள். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது.

1907-இல் சீனத்தின் வடமேற்கில் உள்ள துன்ஹுவாங் நகருக்கு மேற்கே, இடிந்த காவல் கோபுரம் ஒன்றில், சோக்தியர்களுடைய கடிதங்கள் ஆரல் ஸ்டெய்ன் என்ற தொல்லியல் ஆய்வாளருக்குக் கிடைத்தன. போய்ச் சேராத தபால். 1,700 ஆண்டுப் பழசு. அதில் ஒன்று மிவ்னாய் என்ற பெண் கணவனுக்கு எழுதியது. தாய் பேச்சையும் உடன்பிறந்தார் பேச்சையும் கேளாமல் உன்னை நம்பி வந்தேனே என்கிறாள். மூன்றாண்டாகத் துன்ஹுவாங்கில் கிடக்கிறாள். எத்தனை கடிதம் போட்டும் பதிலில்லை. உனக்கு மனைவியாக இருப்பதைவிட நாய்க்கோ பன்றிக்கோ வாழ்க்கைப்பட்டிருக்கலாம் என்று சபித்து முடிக்கிறாள். மகளும் சில வரி சேர்த்திருக்கிறாள்: யாரோ வாங்கிய கடனுக்குத் தானும் அம்மாவும் சீனருக்கு ஊழியம் செய்வதாக. பட்டைப் பற்றி நான் நடத்திய பாடம் எதுவும் இந்தக் கடிதத்துக்கு ஈடாகாது. இதை ஒரு முழுப் பக்கத்துக்குப் போடுங்கள்.

கடல் வழியையும் ஒரே வரியில் கடந்துபோக வேண்டாம். வியன்னாவில் இருக்கும் முசிறி பாபிரஸ் (நாணல் தாளில் எழுதிய ஆவணம்), கேரளக் கரையில் இருந்த முசிறித் துறைமுகத்தோடு நடந்த வணிகத்துக்கான 2-ஆம் நூற்றாண்டுக் கடன் ஒப்பந்தம். அதன்படி, செங்கடல் கரையில் இறங்கும் சரக்கு பாலைவனம் கடந்து எகிப்தின் நைல் கரை ஊரான காப்டோஸ் போக வேண்டும், பிறகு நைல் வழியே அலெக்சாந்திரியா. நாலில் ஒரு பங்கு சுங்கம். அந்தப் பாலைவனத்தைக் கடக்க ஒட்டகம்தான். ஆகவே படம் வரைபவர் வருந்த வேண்டாம்.

இன்னொன்று. 'பட்டுப் பாதையின் நீளம் எவ்வளவு?' என்று ஒரு மதிப்பெண் கேள்வி வருகிறதே, அதையும் நீக்குங்கள். அதற்குத் தப்பான விடை எழுதினான் என்று எத்தனையோ பிள்ளைகளுக்கு நானே சுழியம் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்