டர்போ ஹோஸில் எண்ணெய் தெரிந்தால்...

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

டீசல் வண்டியில், என்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் ஹோஸைக் கழற்றியதும் உள்ளே எண்ணெய் தெரிந்தால், "டர்போ போச்சு" என்று சொல்லிவிடுவது பல பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. பல நேரம் டர்போ மேல் தப்பே இருக்காது. வேனும் மினி லாரியும் வைத்துப் பிழைப்பவர்கள் ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் இவற்றைப் பார்க்கட்டும் என்றே எழுதுகிறோம்.

பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, என்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸில் இறங்கும் புகை, எண்ணெய்த் துளிகளையும் சேர்த்துக்கொண்டு, அதை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாக டர்போவுக்கு முன்னாலுள்ள ஹோஸில் வந்து சேரும். என்ஜின் அமைப்பே அப்படித்தான். விரலில் ஒட்டும் அளவு பிசுக்கு இருந்தால் கவலை வேண்டாம். எண்ணெய் தேங்கி நின்றால்தான் கோளாறு.

முதலில் ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவிலுள்ள ஹோஸைக் கழற்றுங்கள். பிரீதர் சேரும் இடத்திலிருந்தே ஈரம் தொடங்கினால் எண்ணெய் என்ஜினிலிருந்து வருகிறது. எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கு மேல் எண்ணெய் நிற்கிறதா, பிரீதர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஐடிலில் ஆயில் மூடியைத் திருகிவிட்டு, அதே இடத்தில் சும்மா வையுங்கள். மூடி துள்ளி, புகை குப்பென்று வந்தால் கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) பார்க்க வேண்டும். ரிங் தேய்ந்த என்ஜினில் புது டர்போ மாட்டினாலும் எண்ணெய் வரத்தான் செய்யும்.

அங்கே உலர்ந்திருந்து, டர்போவுக்கு அடுத்த குழாய் மட்டும் நனைந்திருந்தால் டர்போவைச் சந்தேகிக்கலாம். அப்போதும் எண்ணெய் திரும்பும் குழாயைக் கழற்றிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். உள்ளே எண்ணெய் கருகிக் கட்டியாகியிருந்தால், கீழே இறங்க வழியில்லாத எண்ணெய், அதைத் தடுக்கும் 'சீலை'த் தாண்டிக் காற்றுப் பக்கம் வரும். தூசி அடைத்த ஏர் ஃபில்டராலும் உறிஞ்சல் கூடி இதே கோளாறு வரும். டர்போ விசிறியின் அச்சான ஷாஃப்ட்டில் பக்கவாட்டில் நூலளவு ஆட்டம் இருக்கலாம். முன்பின் ஆட்டம் விரலுக்குத் தெரிந்தாலோ, விசிறி ஹவுசிங்கில் உரசிய தடம் இருந்தாலோ டர்போவை மாற்ற வேண்டியதுதான்.

இந்தப் பிசுக்கு, புகையில் ஒரு பகுதியைத் திரும்ப என்ஜினுக்குள் விடும் இ.ஜி.ஆர். அமைப்பின் கரியோடு சேர்ந்தால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் மேனிஃபோல்டில் தார் போல இறுகிவிடும். அதைக் கழற்றி வெளியே வைத்துச் சுரண்டிக் கழுவி, புது கேஸ்கட் போட்டு மாட்டுங்கள். என்ஜினில் வைத்தே சுரண்டினால் கரிக்கட்டி வால்வு வழியே உள்ளே விழும்.

ஓடும் என்ஜினின் காற்று வாயில் பெட்ரோலோ கார்புரேட்டர் கிளீனரோ அடித்துச் "சுத்தம்" செய்வதை உடனே நிறுத்த வேண்டும். காற்றோடு வரும் எரிபொருளையும் டீசல் என்ஜின் எரித்து வேகமெடுக்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் போகலாம். டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு, வடியவிட்டுக் காற்றடித்து முழுக்க உலர்த்தாமல் மாட்டுவதும் இதே ஆபத்துதான். அப்படி என்ஜின் பிய்த்துக்கொண்டு போனால், கியர் வண்டியில் டாப் கியர் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்து, கிளட்சை விடுங்கள், என்ஜின் அணையும். காற்று வாயைத் தட்டையான பலகையால் அடைக்கலாம். கையையோ துணியையோ வைக்காதீர்கள், இழுத்துவிடும். கனரக ஓட்டுநர் பயிற்சியில் இந்த ஒன்றையாவது செய்து காட்டிச் சொல்லித்தர வேண்டும்.

— டீசல் மெக்கானிக்குகள், நாமக்கல்