வட டகோட்டா மாநிலத்தின் பிஸ்மார்க்கில் டிவி செய்தி வேலைக்குச் சேர்ந்த மகளுக்கு

அன்புள்ள மீனா,

வேலை கிடைத்த செய்தியைச் சொன்ன அதே மூச்சில், "சின்ன ஊர் சேனல்தானே அம்மா, இரண்டு வருடம் இருந்துவிட்டு சிகாகோவுக்குப் போய்விடுவேன்" என்றாய். தாராளமாகப் போ. ஆனால் அந்தச் சேனலை வைத்திருக்கும், உனக்குச் சம்பளம் தரப்போகும் கிரே தொலைக்காட்சி நிறுவனம் பிறந்ததே நீ வளர்ந்த இந்த ஜார்ஜியா மாநில ஆல்பனியில்தான். பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன்.

அதை உருவாக்கிய ஜேம்ஸ் எச். கிரே மாசசூசெட்ஸ்காரர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜார்ஜியாவுக்கு வந்து, 1946-இல் ஆல்பனி ஹெரால்ட் பத்திரிகையை வாங்கினார். 1954-இல் டபிள்யூ.ஏ.எல்.பி. தொலைக்காட்சியைத் தொடங்கினார். பிறகு புளோரிடாவின் பனாமா சிட்டியில் ஒரு நிலையம். அதற்குத் தன் பெயரின் முதலெழுத்துகளையே வைத்தார், டபிள்யூ.ஜே.எச்.ஜி. என்று. அடக்கம் அவருக்கு ஒத்துவராத குணம் போலிருக்கிறது.

காலையில் வாசலில் விழும் பத்திரிகையும் அவருடையது, மாலையில் பார்க்கும் செய்தியும் அவருடையது என்றால் ஊரில் மறுபேச்சு எங்கிருந்து வரும்? 1961-இல் இங்குள்ள கறுப்பின மக்கள் இன ஒதுக்கலை எதிர்த்து ஆல்பனி இயக்கத்தைத் தொடங்கினார்கள். மார்ட்டின் லூதர் கிங் வந்தார், கைதானார். நூற்றுக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். கிரே தன் திரையிலேயே தோன்றி கிங்கைச் சாடினார். இன ஒதுக்கல்தான் சரி என்று வாதாடிய மனிதர் அவர். 1963-இல் டிஃப்ட் பூங்காவின் நீச்சல் குளத்தை நகராட்சி விற்றபோது வாங்கியவரும் அவரே. தனியார் சொத்தாக்கிவிட்டால் வெள்ளையர் மட்டும் குளிக்கலாம் அல்லவா? அதன் பிறகும் இந்த ஊர் அவரை மேயராக்கியது. 1986-இல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். என் மருந்துக்கடைக்கு வரும் வயதானவர்கள் சிலருக்கு அந்தக் குளத்தின் பேச்சை எடுத்தாலே முகம் மாறிவிடும்.

அவருக்குப் பின் நிறுவனம் அட்லாண்டாவின் ராபின்சன் குடும்பத்தின் கைக்குப் போனது. இங்கே ஒரு வேடிக்கை. 1996-இல் அவர்கள் புளோரிடாவின் தலைநகர் டல்லஹாசியைச் சென்றடையும் டபிள்யூ.சி.டி.வி. நிலையத்தை வாங்கினார்கள். அதன் ஒளிபரப்பு எல்லை ஆல்பனி நிலையத்தின் எல்லையோடு மோதியது. ஒரே உரிமையாளர் இரண்டையும் வைத்திருக்க அன்றைய விதி இடம் தரவில்லை. எதை விற்றார்கள் தெரியுமா? பெற்ற தாயை! 1998-இல் டபிள்யூ.ஏ.எல்.பி. வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டது. 2005-இல் பத்திரிகைகளையும் தனி நிறுவனமாகப் பிரித்து விட்டார்கள். நான்கே ஆண்டுகளில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டது. 2019 தொடக்கத்தில் கிரே 360 கோடி டாலர் கொடுத்து ரேகாம் என்ற இன்னொரு தொலைக்காட்சி நிறுவனத்தை வாங்கியபோது, அந்த மூட்டைக்குள் டபிள்யூ.ஏ.எல்.பி.யும் இருந்தது. இருபது வருடம் கழித்து வீடு திரும்பியது.

நீ இளக்காரமாகச் சொன்ன சின்ன ஊர்களை வைத்துத்தான் இவர்கள் பெருத்தார்கள். மாநிலத் தலைநகரம், பல்கலைக்கழக ஊர், அங்கே அதிகம் பேர் பார்க்கும் நிலையம்: இதுதான் அவர்கள் தேடும் சரக்கு. லிங்கன், மாடிசன், டொபீகா, 2014-இல் உன் பிஸ்மார்க். தேர்தல் வந்தால் அரசியல் விளம்பரம் கொட்டும். ஆகவே இரட்டைப்படை ஆண்டுகளில் கல்லாப்பெட்டி நிரம்பும். இன்னொரு வருமானம் கேபிள் நிறுவனங்களிடமிருந்து. எங்கள் ஒளிபரப்பைக் கொடுக்க வேண்டுமானால் காசு கொடுங்கள் என்று கேட்கும் உரிமையை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. 2021-இல் மெரிடித் நிறுவனத்தின் நிலையங்களையும் வாங்கியபின் கடன் 600 கோடி டாலரைத் தாண்டியது. அவ்வளவு கடனுள்ள முதலாளி எங்கே கையை இறுக்குவார் என்பதை நீ யோசித்துக்கொள்.

அதற்காக அந்த வேலையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2018 அக்டோபரில் மைக்கேல் புயல் பனாமா சிட்டிக்குப் பக்கத்தில் கரையேறி, அன்று மாலையே நம் தலைக்குமேல் வந்தது உனக்கு நினைவிருக்கும். எந்தத் தெருவில் மரம் விழுந்தது, எந்தப் பள்ளியில் தங்கலாம் என்பதை நியூயார்க்கில் உட்கார்ந்திருப்பவன் சொல்ல மாட்டான். உள்ளூர் ஆள்தான் சொல்ல வேண்டும். பிஸ்மார்க்கில் பனிப்புயல் வரும்போது அந்த ஆள் நீயாக இருப்பாய்.

ஊர்ச் செய்தியை நகரமன்றத்தோடும் போலீஸ் அறிக்கையோடும் முடித்துவிடாதே. உன் ஊருக்குத் தெற்கே ஸ்டாண்டிங் ராக் பழங்குடியினர் பகுதி இருக்கிறது. எண்ணெய்க் குழாய்ப்பாதைக்கு எதிரான போராட்டத்தின்போது உலகமே அங்கே கேமராவைத் திருப்பியது; இப்போது யார் போகிறார்கள் என்று உன் ஆசிரியரைக் கேள். பதில் பிடிக்காவிட்டால் நீயே போ.

இன்னும் ஒன்று. இந்தத் தொழிலில் புதியவர்களிடம் இரண்டு, மூன்று வருட ஒப்பந்தம் எழுதி வாங்குவது வழக்கம். பாதியில் விலகினால் பணம் கட்டச் சொல்லும் பிரிவும் சில ஒப்பந்தங்களில் இருக்கும். உன் சிகாகோ கனவு அதில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு பிரதியை மாமாவுக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன் என்றார்.

அன்புடன்,
அம்மா