விதைப்பந்துகளை வீசுவதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

நீ அனுப்பிய படங்களை அப்பாவும் நானும் பார்த்தோம். தட்டுத் தட்டாக விதைப்பந்துகள் வெயிலில் காய்கின்றன; உன் நண்பர்கள் களிமண் அப்பிய கையோடு சுற்றி நிற்கிறார்கள். ஓய்வு நாளை விட்டுக்கொடுத்து, யாரும் கூலி தராத வேலைக்கு இத்தனை பிள்ளைகள் வந்திருக்கிறார்களே என்று மனம் நிறைந்துவிட்டது. “மழை விழுந்ததும் கரட்டு மேட்டில் வீசிவிடலாமா அம்மா? நாற்றங்காலிலேயே கிடக்கிற நீதான் சொல்ல வேண்டும்” என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்றுதான் சொல்வேன். போனில் அதை மட்டும் சொன்னால் வெட்டிப் பேசியதாகிவிடும். அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி, உன் கூட்டாளிகளுக்கும் படித்துக் காட்டு.

விதை என்றால் எத்தனை காலம் ஆனாலும் காத்திருக்கும் என்று பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். சில விதைகள் காத்திருக்கத்தான் செய்கின்றன. இஸ்ரேலில் மசாடா கோட்டை இடிபாடுகளை 1960களில் அகழ்ந்தபோது கிடைத்த பேரீச்சங்கொட்டைகளில் ஒன்றை 2005இல் மண்ணில் ஊன்றினார்கள். ஏறத்தாழ 2,000 ஆண்டு பழைய கொட்டை. அது முளைத்து மரமாகியிருக்கிறது. ஆனால் நம் நாவல் விதையை இரண்டு வாரம் சும்மா போட்டு வைத்தாலே முளைப்புத்திறன் போய்விடும். இலுப்பையும் அப்படித்தான், அதற்குச் சில வாரங்கள்தான் ஆயுள். வேம்பையும் பழம் உதிர்ந்த சூட்டோடு, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, இரண்டு மூன்று வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். இங்கிலாந்தில் கியூ தாவரவியல் பூங்கா நடத்தும் மில்லினியம் விதை வங்கியில் உலகெங்கிலுமிருந்து வந்த காட்டு விதைகளை உலர்த்தி, பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி குளிரில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். நாவல் போன்ற விதைகளுக்கு அந்த ஏற்பாடும் உதவாது. ஈரம் வற்றினாலே அவற்றின் உயிர் போய்விடும்.

இப்போது நீங்கள் செய்ததை நினைத்துப் பார். நாவலையும் இலுப்பையையும் வேம்பையும் களிமண்ணில் பொதிந்து, வெயிலில் காயவைத்து, மூட்டை கட்டி, மழைக்காகக் காத்திருக்கிறீர்கள். களிமண் காயும்போது உள்ளே இருக்கும் விதையின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். மழை வருவதற்குள் அந்தப் பந்துகளில் பெரும்பாலானவற்றில் உயிர் இருக்காது. உங்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்வதாக நினைக்காதே. அத்தனை பேருடைய உழைப்பும் வீணாகிவிடக் கூடாதே என்றுதான் அம்மாவுக்குப் பதைக்கிறது.

விதைப்பந்தைப் பரவலாக்கிய ஜப்பானிய உழவர் மசனோபு ஃபுகோகா தம் வயலில் நெல்லைத்தான் முதலில் அப்படி உருட்டினார். நெல் உலர்ந்தும் உயிரோடு இருக்கும் விதை. பறவையும் எலியும் தின்றுவிடாமல் காக்கக் களிமண் உறை அதற்குப் பொருத்தம். அதே வழியை எல்லா மரத்துக்கும் பொதுவாக்கிவிட முடியாது. உங்கள் பட்டியலில் இருக்கும் சரக்கொன்றைக்கும் வாகைக்கும் அது ஓரளவு ஒத்துவரும் என்று வைத்துக்கொண்டாலும், பாறைமேல் விழுந்த பந்து எத்தனை, எறும்பு இழுத்துப் போனது எத்தனை, இரண்டு இலை விட்டதும் ஆடு மேய்ந்தது எத்தனை என்று யார் பார்க்கப் போகிறார்கள்? ஒரு மரம் தன் வாழ்நாளில் உதிர்க்கும் ஆயிரமாயிரம் விதைகளில் மரமாவது விரல்விட்டு எண்ணக்கூடிய சில. மரத்துக்கு அது கட்டுப்படியாகும். கை நோகப் பொறுக்கிய நாம் அப்படி இறைக்கலாமா?

நாற்றங்கால் போடுங்கள். நிழல்வலை கட்ட ஓர் ஓரமும், தண்ணீருக்கு ஒரு குழாயும், தினமும் வந்து பார்க்க இரண்டு பேரும் இருந்தால் போதும். அந்த இரண்டு பேர்தான் கிடைப்பது அரிது. அவர்கள் யார் என்று முதலில் முடிவு செய்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.

விதையை எந்த மரத்தில் எடுப்பது என்பதில் அம்மாவுக்குப் பிடிவாதம் உண்டு. ‘ஒரே மரத்தடியில் மூட்டை மூட்டையாகக் கிடைத்தது’ என்று யாராவது மகிழ்ந்தால் எனக்கு மகிழ்ச்சி வராது. ஒரே தாயின் பிள்ளைகளாக ஒரு தோப்பையே வைத்தால், ஒரு நோய் வந்தால் எல்லாம் சேர்ந்து விழும். தனியாக நிற்கும் மரமென்றால் தன் மகரந்தத்திலேயே காய்த்திருக்கவும் கூடும். அந்தக் கன்றுகள் சோடையாக வர வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு வகையிலும் குறைந்தது பத்துப் பதினைந்து தாய்மரங்களில், ஒன்றுக்கொன்று தள்ளி நிற்பவையாகப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலக்க வேண்டும். நடப்போகிற இடத்துக்குப் பக்கத்திலேயே, அதே மண்ணிலும் மழையிலும் வாழ்ந்து பழகிய மரமாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு மரத்தில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதே. மீதி கிளிக்கும் வௌவாலுக்கும் அணிலுக்கும். காப்புக்காட்டுக்குள் அனுமதி வாங்காமல் கால் வைக்கவே கூடாது. சாலையோரத்திலும் குளக்கரையிலும் கிடைப்பதே நிறைய.

தாய்மரம் தேர்வதென்றால் எனக்குக் கர்நாடகத்துத் துளசி கௌடா நினைவுதான் வரும். பள்ளிக்கூடம் போகாதவர். வனத்துறை நாற்றங்காலில் சிறு வயதில் கூலி வேலைக்குப் போனவர். எந்த மரம் எப்போது பூக்கும், எந்த விதையை எந்த நாளில் எடுத்தால் முளைக்கும், காட்டில் எது தாய்மரம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வார். அதிகாரிகளே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். 2021இல் குடியரசுத் தலைவர் கையால் பத்மஸ்ரீ வாங்க வெறுங்காலோடு போனார். 2024 டிசம்பரில் காலமானார். அவருக்குத் தெரிந்திருந்ததில் எவ்வளவு அவரோடு போயிற்றோ என்று அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. நீ இருக்கும் பக்கத்திலும் அப்படி யாராவது இருப்பார்கள் தம்பி. ஆடு மேய்க்கிறவர், தேன் எடுக்கிறவர், நாட்டு மருந்துக்கு வேர் பறிக்கிற பாட்டி. தேடிப் போய்ப் பக்கத்தில் உட்கார். எது எந்த மாதம் பழுக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்.

இனி விதை நேர்த்தி, அதாவது முளைப்பதற்கு விதையைத் தயார் செய்வது. சரக்கொன்றையைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறாயா? முழ நீளக் காயை உடைத்தால் உள்ளே வட்ட வட்டமாக மெல்லிய தடுப்புகள். ஒவ்வோர் அறையிலும் கறுத்த பிசின் ஒட்டிய ஒரு விதை. கழுவித் துடைத்தால் பழுப்பாக, தட்டையாக, மெருகேற்றியதுபோலப் பளபளக்கும். அந்த மெருகுதான் தண்ணீரை உள்ளே விடாத கவசம். அப்படியே விதைத்தால் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். உப்புத்தாளையோ சின்ன அரத்தையோ எடுத்து, விதையின் முளைக்கண் இருக்கும் முனையைத் தொடாமல், எதிர் முனையில் மெதுவாகத் தேய். பழுப்புக்கு அடியில் வெளுப்பு தெரிந்ததும் நிறுத்திவிடு. அதற்கு மேல் தேய்த்தால் பருப்பில் காயம் படும். பிறகு ஓர் இரவு தண்ணீரில் போட்டு வை. காலையில் பார்த்தால் தண்ணீர் குடித்த விதைகள் உப்பியிருக்கும். குடிக்காதவை போட்டது போட்டபடி இருக்கும். உப்பியதை விதைத்துவிட்டு, மற்றதைத் துடைத்து இன்னொரு முறை தேய்க்க வேண்டும். கும்பலாக உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்ய இதைவிட நல்ல வேலை கிடையாது. நிறைய இருந்தால் வெந்நீர் முறையும் உண்டு. கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி விதைமேல் ஊற்றி, ஆறியபடியே இரவு முழுவதும் விடுவது. வாகைக்கு அது போதும்.

புங்கைக்கு எந்த நேர்த்தியும் வேண்டாம். நெற்றை உடைத்து எடுத்து அப்படியே ஊன்றலாம்.

நாவலில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு விதை போட்டால் இரண்டு, மூன்று கன்றுகூட எட்டிப் பார்க்கும். எல்லாவற்றையும் ஒரே நாற்றுப் பையில் நெருக்க விடாதே. முதல் இலைகள் விரிந்ததும் மெல்லப் பிரித்துத் தனித்தனியாக நடு. பிடுங்கி நடும்போது இலையைப் பிடித்துத் தூக்கு, தண்டைப் பிடிக்காதே. ஓர் இலை போனால் இன்னொன்று வரும். தண்டு நசுங்கினால் கன்று போயிற்று.

விதைக்கும் ஆழம் விதையின் பருமன் அளவு, அல்லது அதைப்போல் இரு மடங்கு. அதற்கு மேல் புதைக்காதே. பூவாளியால் காலையில் தண்ணீர் ஊற்று. ஆர்வக் கோளாறில் மாலையிலும் ஊற்றி மண்ணைச் சேறாக்கினால் பூஞ்சை வந்து நாற்று அடித்தண்டில் அழுகிச் சாயும்.

வேரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பையில் கன்று மேலே ஓர் அடிதான் இருக்கும். கீழே ஆணிவேர் பையின் அடியைத் தொட்டுவிட்டிருக்கும். போக வழி இல்லாமல் அது வட்டமடிக்கத் தொடங்கும். அந்தச் சுருளோடு நட்டால் மண்ணுக்குள் போன பிறகும் சுருள் அவிழாது. நாலைந்து வருடம் பச்சையாகத்தான் நிற்கும். பிறகு ஒரு காற்றில் வேரோடு சாயும். பார்க்கிறவர்கள் ‘நாட்டு மரம் இந்த மண்ணில் வரவில்லை’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆகவே உயரமான பை வாங்குங்கள். மாதம் ஒரு முறை பைகளை இடம் மாற்றி வையுங்கள். ஓட்டை வழியே வெளியே வந்த வேரைக் கத்தரியுங்கள். நடும்போது பையைக் கிழித்து, அடியில் சுருண்ட வேர் இருந்தால் கூரான கத்தியால் வெட்டிவிட்டு நடுங்கள். மனம் கூசும், ஆனாலும் வெட்டு. நடுவதற்கு ஒரு மாதம் முன்பே நிழலைக் குறைத்து, தண்ணீரையும் குறைத்து, வெயிலுக்குப் பழக்கிவிட வேண்டும்.

‘இதெல்லாம் படித்தவர்கள் செய்ய வேண்டியது, நாங்கள் தன்னார்வலர்கள்தானே’ என்று உன் நண்பர் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தாய். கென்யாவில் 1977இல் வாங்கரி மாத்தாய் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கியபோது வனத்துறையினரும் அதையேதான் சொன்னார்கள். எழுத்தறியாத கிராமத்துப் பெண்களால் கன்று வளர்க்க முடியாது என்றார்கள். அந்தப் பெண்கள் சுற்றிலும் இருந்த நாட்டு மரங்களின் விதைகளைப் பொறுக்கி, உடைந்த பானைகளில்கூட நாற்று விட்டார்கள். கோடிக்கணக்கில் மரம் எழுந்தது. 2004இல் மாத்தாய்க்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்த இயக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன ஏற்பாடு: நட்ட கன்றுக்குப் பணம் கிடையாது, பிழைத்த கன்றுக்குத்தான் பெண்களுக்கு ஒரு சிறு தொகை. உங்கள் கணக்கு நோட்டிலும் ‘நட்டது’ என்ற பத்திக்குப் பக்கத்தில் ‘இந்த ஆண்டு நிற்பது’ என்று ஒரு பத்தி போடுங்கள். முதல் இரண்டு மூன்று கோடைக்கு யார் எந்தக் கன்றுக்குத் தண்ணீர் விடுவார்கள், யார் வேலி பார்ப்பார்கள், யார் கன்றின் அடியில் மூடாக்குப் போடச் சருகு கொண்டுவருவார்கள் என்று பெயர் எழுதிவிட்டுக் குழி தோண்டுங்கள். அத்தனைக்கும் ஆள் தேறாவிட்டால் கன்றுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கரடு பற்றியும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. படத்தில் ஒரே புல்லாகத் தெரிகிறது. மரமே இல்லாத இடமெல்லாம் மரம் கேட்கும் இடம் என்று எண்ணிவிடாதே. இயற்கையான புல்வெளிக்கென்றே வாழும் பறவையும் முயலும் உண்டு. அங்கே மரம் வைத்தால் அவற்றின் வீடு போய்விடும். முன்பு அங்கே காடு இருந்து அழிந்ததா, எப்போதுமே புல்தானா என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்களிடம் விசாரித்துவிட்டு முடிவு செய். யாராவது குல்மொகர் கன்றும் தூங்குமூஞ்சிக் கன்றும் இலவசமாகத் தருகிறேன் என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடு. ஒன்று மடகாஸ்கரிலிருந்து வந்தது, மற்றது தென் அமெரிக்கப் பக்கத்தது. அழகுக்குக் குறைவில்லை. ஆனால் அவை எங்கும் கிடைக்கின்றன. நம் இலுப்பைக் கன்றைக் கேட்டால்தான் கிடைப்பதில்லை.

இப்போது கையில் இருக்கும் பந்துகளை என்ன செய்வது என்று கேட்பாய். இந்த வாரமே எல்லோரும் கூடித் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்துவிடுங்கள். கொன்றையும் வாகையும் கெடாமல் இருக்கும். கழுவி எடுத்து, நான் சொன்னபடி நேர்த்தி செய்து பையில் போடுங்கள். புங்கையும் பெரும்பாலும் தேறிவிடும். வேம்பு, நாவல், இலுப்பையில் பத்துப் பத்தாக எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே திடமாக, அந்தந்த விதைக்குரிய நிறத்தோடு ஈரமாக இருந்தால் உடனே விதைக்கலாம். சுருங்கிக் கறுத்திருந்தால் குப்பைக் குழியில் போட்டுவிட்டு, அடுத்த பழப் பருவத்துக்குப் பைகளைத் தயாராக நிரப்பி வையுங்கள். அவற்றைப் பழம் விழுந்த அன்றே பொறுக்கி, மறுநாளே மண்ணில் போட வேண்டும்.

வெட்டிப் பார்த்ததைப் படம் எடுத்து அனுப்பு, அம்மா பார்த்துச் சொல்கிறேன். அங்கே நீ பார்த்த மரங்களின் பெயர்களையும், எது இப்போது பூவில் இருக்கிறது, எது காயில் இருக்கிறது என்பதையும் எழுது. பெயர் தெரியாததற்கு இலையும் காயும் பட்டையும் தெளிவாகத் தெரிய மூன்று படம் வேண்டும்.

அன்புடன்,
அம்மா