குறுக்குவில்லுக்கு எத்தனை பவுண்டு போதும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேட்டைக்குக் குறுக்குவில் (துப்பாக்கிபோலத் தோளில் வைத்து விசையைத் தட்டி அம்பு எய்யும் வில்) வாங்குகிறவர் முதலில் கேட்பது "எத்தனை பவுண்டு?" என்றுதான். பெட்டியின் மேலும் அந்த எண்தான் கொட்டை எழுத்தில் இருக்கிறது. 150, 175, 200 என்று ஏற ஏற வில் உசத்தி என்ற நினைப்பு பரவிக் கிடக்கிறது. இந்த நினைப்பால் தோளும் முதுகும் கெடுகின்றன. விலங்கு குற்றுயிரும் குலையுயிருமாகக் காட்டுக்குள் ஓடுகிறது. வேட்டைக்குச் சட்டம் இடம் கொடுக்கும் நாடுகளில், உரிமம் பெற்று இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பவுண்டு என்பது நாணைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டும்போது வரும் உச்ச இழுவிசை, அவ்வளவுதான். அம்புக்குப் போகும் ஆற்றலில் பாதிக் கதை நாண் ஓடும் தூரத்தில் இருக்கிறது. முனைகள் முன்பக்கம் வளைந்த, உருளை இல்லாத ரிகர்வ் வகை வில்லில் விசையையும் அந்தத் தூரத்தையும் பெருக்கிப் பாதியாக்கினால் சேமிப்பாகும் ஆற்றல் ஏறக்குறையக் கிடைக்கும். 175 பவுண்டு வில்லில் நாண் 12 அங்குலம் ஓடினால் சுமார் 87 அடி-பவுண்டு (இது ஆற்றலின் அலகு). 150 பவுண்டு வில்லில் 15 அங்குலம் ஓடினால் சுமார் 94. எண்ணில் சிறிய வில் முந்திவிட்டது! முனைகளில் கேம் எனும் உருளைகள் உள்ள காம்பவுண்ட் வில்லில் விசை சீக்கிரம் உச்சத்துக்கு ஏறி அங்கேயே நிற்பதால் அதே பவுண்டில் இன்னும் அதிகம் சேரும். ஆகவே கடையில் பவுண்டோடு நாண் ஓடும் தூரத்தையும் கேளுங்கள். எந்த எடை அம்பை வைத்து வேகத்தை அளந்தார்கள் என்றும் கேளுங்கள். எடை குறைந்த அம்பை வைத்துப் பெரிய வேகம் காட்டுவது எளிது.

தேவை எவ்வளவு? அம்பின் எடையைக் கிரெயினில் (ஒரு கிராம் என்பது சுமார் 15 கிரெயின்) எடுத்து, வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 450240ஆல் வகுத்தால் அடி-பவுண்டு வந்துவிடும். 400 கிரெயின் அம்பு நொடிக்கு 300 அடி வேகத்தில் போனால் 80 அடி-பவுண்டு. மானுக்கு 40, 50 அடி-பவுண்டே போதும் என்பது வேட்டைக்காரர்கள் நெடுநாளாகப் பின்பற்றும் கணக்கு. தடித்த தோலும் பருத்த எலும்பும் உள்ள விலங்குக்கு 65 வேண்டும். இப்போது வரும் 150 பவுண்டு காம்பவுண்ட் வில்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிவிடுகின்றன. பல இடங்களில் சட்டமே குறைந்தபட்ச இழுவிசையை வகுத்திருக்கிறது. 125 பவுண்டு அடிக்கடி காணும் எண். அதை மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"வேகம் கூடினால் மான் விலகுவதற்குள் அம்பு போய்ச் சேருமே" என்பார்கள். மான் 30 கெஜத்தில், அதாவது 90 அடியில், நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 300 அடி வேக அம்புக்கு 0.30 நொடி, 350 அடி வேக அம்புக்கு 0.26 நொடி. நாணின் ஓசையோ 0.08 நொடியில் மானின் காதுக்குப் போய்விடும். இரண்டிலும் மானுக்குக் குனிய நேரம் இருக்கிறது. 0.04 நொடிக்காகக் கூடுதல் பவுண்டைச் சுமப்பதைவிடப் பத்து கெஜம் நெருங்கி எய்வது எவ்வளவோ மேல்.

இனி நாணேற்றுதல், அதாவது நாணைப் பின்னுக்கு இழுத்துப் பூட்டுவது. வெறுங்கையால் இழுத்தால் 150 பவுண்டு, அதாவது 68 கிலோ, முழுவதும் உங்கள் மேல். இரண்டு கப்பிக் கொக்கிகள் கொண்ட நாணேற்றும் கயிறு அதைப் பாதியாக்கி 34 கிலோவுக்குக் கொண்டுவரும். கை இரு மடங்கு தூரம் இழுக்க வேண்டியிருக்கும். வாங்கும் முன் வீட்டிலேயே சோதித்துவிடலாம். 18 லிட்டர் தண்ணீர் பிடித்த வாளி ஒவ்வொரு கையிலும் ஒன்று. உடம்போடு ஒட்டி, முழங்கால் உயரத்திலிருந்து இடுப்புவரை நிதானமாகத் தூக்குங்கள். ஐந்து முறை. ஐந்தாவது தடவையும் முதல் தடவைபோல வெட்டி இழுக்காமல், முதுகு வளையாமல், மூச்சு அடக்காமல் வந்தால் 150 உங்களுக்கு ஏற்றது. வராவிட்டால் குறைத்துக்கொள்ளுங்கள். குளிரில் விறைத்த கையும் தடித்த உடுப்பும் இதே வேலையை இன்னும் கடினமாக்கும்.

ரிகர்வ் வில்லில் விசை கடைசி அங்குலத்தில்தான் உச்சம். கை மேலே வந்து முழங்கை மடங்கிப் பலம் குறையும் இடமும் அதுவே. அங்கே தடுமாறுகிறவர் நாணைக் கொஞ்சம் திருகி ஒரு பக்கமாக இழுத்துப் பூட்டிவிடுவார். நாணின் நடு ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு விலகினாலும் அம்பு பக்கவாட்டில் போகும். ஒவ்வொரு முறையும் வேறு அளவு விலகுவதால் குறிபார்க்கும் ஸ்கோப்பைத் திருத்தியும் பயனில்லை. "வில் சரியில்லை" என்று கொண்டுவருவதில் பலவும் இந்தக் கோளாறுதான். ஓய்வு நிலையில், நாண் அம்புப் பாதையின் (அம்பு படுத்திருக்கும் நீண்ட தடம்) இரு ஓரங்களைத் தொடும் இடங்களில் மார்க்கரால் இரண்டு கோடு போடுங்கள். பூட்டிய பிறகு அவை பூட்டின் இருபுறமும் சம தூரத்தில் நிற்க வேண்டும்.

பாதி இழுத்து முடியாமல் போனால் கையை விட்டுவிடாதீர்கள். அம்பில்லாமல் பாயும் நாணின் ஆற்றல் முழுவதும் வில்லுக்கே திரும்பி, வில்லின் கைகள் பிளக்கும், கேம் வளையும், நாண் அறும். வில்லின் முன்முனையில் உள்ள கால் வளையத்தை முழுப் பாதத்தாலும் அழுத்தியபடி மெதுவாகத் தளர்த்துங்கள். பூட்டும்போது "க்ளிக்" கேட்கும்வரை இழுக்க வேண்டும். அரைகுறையாகப் பூட்டிய நாண் தானே நழுவும்.

தோளில் காயம் பட்டவர்களும் வயதானவர்களும் கைப்பிடியைச் சுழற்றி நாணை இழுக்கும் கிராங்க் உள்ள வில்லைத் தயங்காமல் எடுக்கலாம். விசை சில கிலோவாக இறங்கிவிடும். எடை சற்றுக் கூடும், நாணேற்ற நேரமும் ஆகும். கைப்பிடியைப் பாதியில் விட்டால் சில மாடல்களில் அது சுழன்று மணிக்கட்டை முறித்துவிடும்.

மரத்து மேடையில் உட்கார்ந்து வேட்டையாடுகிறவர் தரையிலேயே நாணேற்றிவிட வேண்டும். அம்பு வைப்பது மேலே போய் அமர்ந்த பிறகுதான். பொழுது சாய்ந்ததும் இறங்கிவந்து, பயிற்சி முனையுள்ள அம்பை மெத்தென்ற இலக்கில் எய்து நாணை விடுவியுங்கள். எய்யும்போது இடக்கையின் கட்டை விரல் அம்புப் பாதைக்குக் கீழே இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

உங்கள் நாளிதழில் குறுக்குவில் பற்றி எழுதும்போது பவுண்டை மட்டும் அச்சிடாமல், நாண் ஓடும் தூரத்தையும் அம்பின் எடையையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குறுக்குவில் பயிற்றுநர் ஒருவர்