பாப்பா சுற்றுகிற அந்தச் சுற்று யாருடையது தெரியுமா, அம்மிணி?

அன்புள்ள அம்மிணிக்கு,

பாப்பா கிறுகிறுவென்று சுற்றி, நின்றதும் இடுப்பில் கை வைத்து முறைத்தாளே, அந்த வீடியோவைத் தெருவில் காட்டாத ஆள் பாக்கியில்லை. வொண்டர் உமன் என்கிற பழைய அமெரிக்க டிவி தொடரைப் பார்த்துத்தான் ஆடுகிறாள் என்று நீ சொன்னதிலிருந்து நானும் ராத்திரி சாப்பிட்டானதும் போனில் தேடித் தேடிப் பார்க்கிறேன். பாஷை பாதிதான் புரிகிறது, ஆனாலும் அதில் வீராங்கனையாக நடித்த லிண்டா கார்ட்டரை எனக்கு அத்தனை பிடித்துப்போய்விட்டது.

அந்தச் சுற்று அவர் கொண்டுவந்ததுதான். கதையில் ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிற டயானா பிரின்ஸ் எப்படி வீராங்கனையாக மாறுவது என்று படமெடுத்தவர்கள் யோசித்தபோது, டான்ஸ் பழகின இவர்தான் சுற்றிக் காட்டியிருக்கிறார். முதலில் மெல்லச் சுற்றச் சுற்ற உடை மாறும், போகப்போக நடுவில் பளீரென்று ஒரு வெளிச்சம் வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் குழந்தைகள் அதைத்தானே ஆடுகிறார்கள்!

நீ இருக்கிற பீனிக்ஸில்தான் 1951 ஜூலை 24-ந் தேதி பிறந்திருக்கிறார், தாய்வழி மெக்சிகோக்காரர்கள். 1972-ல் மிஸ் வேர்ல்டு யுஎஸ்ஏ அழகிப் பட்டம் வாங்கியும், இந்த வேடம் கிடைத்தபோது பேங்கில் 25 டாலர்தான் இருந்ததாம். 1975-லிருந்து 79 வரை தொடர் ஓடியது, முதலில் ஏபிசி சேனலில் இரண்டாம் உலகப்போர்க் கதையாக, அப்புறம் சிபிஎஸ் சேனலில் அந்தக் காலத்து நிகழ்காலக் கதையாக.

உடுப்பு சின்னது என்று உங்கப்பா முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பத்து நிமிஷம் பாருங்கள், அப்புறம் உடுப்பு கண்ணிலேயே படாது என்றேன், அப்படித்தான் ஆயிற்று. துப்பாக்கிக் குண்டு வந்தால் கைக்காப்பால் தடுக்கிறாள், கெட்டவன் மேல் கயிற்றை வீசினால் அவன் வாயிலிருந்து உண்மை வருகிறது, அடித்துத் தீர்த்துவிட வேண்டும் என்ற வெறியே அந்த முகத்தில் கிடையாது. இந்த மாதிரிக் கதையை விளையாட்டாக நடித்துவிட்டுப் போயிருக்கலாம், அவர் அப்படிச் செய்யவில்லை. அந்த டயானாவை நிஜ மனுஷியாக நினைத்து நடித்திருக்கிறார்.

இன்னொன்று கேள். அவருக்காகக் குதித்ததும் உருண்டதும் பெரும்பாலும் ஜீனி எப்பர் என்கிற சண்டைக் கலைஞர். கார்ட்டரும் ஒரு தடவை ஹெலிகாப்டரில் தானே தொங்கியிருக்கிறார், என்றாலும் ஆபத்தான வேலையெல்லாம் அந்த எப்பருடையது. அவர் 2024-ல் காலமானபோது கார்ட்டர் அவ்வளவு மனசுவிட்டு அஞ்சலி எழுதியிருந்தார். பனியன் கம்பெனியில் இத்தனை வருஷம் தைத்தவள் நான், எந்த ஊருக்குப் போகிற சட்டையிலும் தைத்தவள் பேர் இருக்காது. அதனால் ஒரு பெரிய நடிகை இப்படி இன்னொருத்தி பேரை எடுத்துச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, பொய்யில்லை.

2018-ல் ஹாலிவுட் நடைபாதையில் கார்ட்டர் பேரில் நட்சத்திரம் பதித்தார்கள். பாட்டும் பாடுகிறார், ஆல்பம் போட்டிருக்கிறார். பிறந்த ஊரில் அவருக்கு ஏதாவது விழா எடுத்தால் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போ, அம்மிணி, வேலை வேலை என்று இருந்துவிடாதே.

பாப்பாவுக்கு அந்த உடுப்பைத் தைத்து அனுப்பியிருக்கிறேன். சிவப்பும் நீலமும் கம்பெனி கட் பீஸ்தான். நட்சத்திரத்தைச் சிங்கிள் ஜெர்சி என்கிற பனியன் துணியில் வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்ளும், அதனால் ஓரம் சுருளாத வெள்ளை இன்டர்லாக் துணியில் வெட்டி, ஒவ்வொன்றையும் கையாலேயே தைத்தேன். கீழே முழங்கால் வரை பாவாடையாக இறக்கிவிட்டேன், அது மட்டும் என் இஷ்டம். கார்ட்டர் பிறந்த நாளான ஜூலை 24-க்குள் வந்து சேர்ந்துவிடும், அன்றைக்கே போட்டுவிடு. முதல் தண்ணீரில் சிவப்புச் சாயம் கொஞ்சம் போகும், மற்ற துணியோடு மிஷினில் போடாமல் தனியாக அலசு, சரியா கண்ணு.

உன் அம்மா
திருப்பூர்