புதிய பொறுப்பாளர்களும் பள்ளிச் செய்திகளும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியையின் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், பிள்ளைகளைத் தங்கள் பொறுப்பில் வைத்து வளர்க்கும் ஐயா, அப்பத்தா, ஆயா ஆகிய தாத்தா பாட்டிமார்களுக்கும் வணக்கம்.

ஆனி பிறந்து வகுப்புகள் ஒரு சீருக்கு வந்துவிட்டன. இந்தக் கல்வியாண்டில் பள்ளியின் சில பொறுப்புகளுக்குப் புதிய ஆட்கள் வந்திருக்கிறார்கள். சில பொறுப்புகளையே இப்போதுதான் புதிதாக ஏற்படுத்தியிருக்கிறோம். அறக்கட்டளைக் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஒப்புதல் கொடுத்துவிட்டது. பிள்ளைகள் வீட்டில் வந்து ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் முன் நானே எழுதிவிடுவதுதான் முறை. பொறுப்பாளர்களின் பெயர்களும் தொலைபேசி எண்களும் இத்துடன் வரும் தனித்தாளில் இருக்கின்றன. யார் எதற்கு, ஏன் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில் துணைத் தலைமையாசிரியர். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குப் பல ஆண்டுகளாகக் கணிதம் எடுத்துவரும் ஆசிரியை இந்தப் பொறுப்புக்கு வருகிறார். உங்களில் பலர் வீட்டில் மூத்த பிள்ளையும் இளைய பிள்ளையும் அவரிடம் படித்தவர்கள். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து வெளியிலிருந்து ஒருவரை எடுக்கலாம் என்ற யோசனையும் கூட்டத்தில் வந்தது. அதை நான் ஏற்கவில்லை. எந்தப் பிள்ளை எந்த ஊரிலிருந்து பஸ் ஏறி வருகிறது, எந்த வீட்டில் அப்பா சிங்கப்பூரில் இருக்கிறார், எந்தப் பிள்ளைக்குச் சாயங்காலம் விளக்கடியில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்பதெல்லாம் தெரிந்தவர்தான் இங்கே இரண்டாம் இடத்தில் இருக்க வேண்டும். படிப்புத் தகுதி, அனுபவம் எல்லாம் சரியாக உள்ள ஒருவரே உள்ளுக்குள் இருக்கும்போது வெளியே தேட வேண்டியதில்லை.

நம் செட்டிநாட்டுப் பெரியவர்களுக்கு இது புதிய ஏற்பாடாகத் தோன்றாது. பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன காலத்தில் வட்டிக்கடைகள் இப்படித்தான் நடந்தன. பெட்டியடிப் பையனாக, அதாவது கடையின் எடுபிடிப் பையனாகக் கப்பலேறியவர் வேலை பழகி அடுத்தாள் என்ற உதவியாளர் ஆவார். அடுத்தாளாக இருந்தவர் பிறகு கடையையே நடத்தும் மேலாள் ஆவார். முதலாளி தேவகோட்டையிலோ காரைக்குடியிலோ இருப்பார், கடை பினாங்கிலோ மோல்மீனிலோ நடக்கும். கடன் கொடுப்பது, வசூலிப்பது, வழக்குப் போடுவது வரை மேலாளுக்கு எழுத்து மூலம் அதிகாரம் உண்டு. பெரும்பாலும் 3 வருடத் தவணை. தவணை முடிந்ததும் பேரேடு, ஐந்தொகை, வரவேண்டிய பாக்கி என எல்லாவற்றையும் அடுத்து வருபவரிடம் முறைப்படி ஒப்படைத்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார். அத்தனை தூரத்தில் இருந்த கடைகள் தலைமுறை தலைமுறையாக நடந்ததற்கு, ஆளைப் பழக்கி, அதிகாரத்தைக் கையில் கொடுத்து, கணக்கையும் சரியாகக் கேட்ட இந்த ஒழுங்கு பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

அந்த ஒழுங்கைத்தான் பள்ளிக்குள் கொண்டுவர விரும்புகிறேன். ஒரே ஆள் மேஜையில் எல்லாக் காகிதமும் வந்து குவியும் பள்ளி, அந்த ஆள் ஒரு வாரம் படுத்துவிட்டால் தடுமாறும். சின்னத் தனியார் நிறுவனங்களில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. ஆகவே இந்த ஆண்டு முதல் ஒவ்வொரு பொறுப்பும் 3 ஆண்டுத் தவணை. ஒவ்வொருவரும் என்ன முடிவு எடுக்கலாம் என்பது எழுத்தில் இருக்கும். தவணை முடியும்போது முடிந்த வேலை, நிற்கும் வேலை, கவனம் வேண்டிய பிள்ளைகள் என்று எழுதிய ஒப்படைப்பு ஏடு அடுத்தவர் கைக்குப் போகும்.

எனவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். விடுப்பு, கால அட்டவணை, வகுப்புப் பிரிவு மாற்றம், தேர்வு நாள், விடைத்தாள் பார்ப்பது ஆகியவற்றுக்கு இனித் துணைத் தலைமையாசிரியரையே பாருங்கள். அவர் சொன்ன முடிவுக்குப் பிறகு, "எதற்கும் பெரிய டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம்" என்று என் அறை வாசலில் வந்து நின்றால், அவருக்குக் கொடுத்த அதிகாரத்துக்குப் பொருள் இல்லாமல் போய்விடும். மாற்றுச் சான்றிதழ், கட்டணச் சலுகை, ஆசிரியர் மீதான புகார், பிள்ளைகளின் பாதுகாப்பு ஆகியவை என்னிடமே இருக்கின்றன. இவற்றுக்கு எந்த நேரமும் வரலாம், முன் அனுமதி தேவையில்லை.

தொடக்கப் பிரிவுக்கு இரண்டாம் வகுப்பு ஆசிரியை பொறுப்பேற்கிறார். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் தமிழில் ஒரு பக்கத்தைத் தட்டுத் தடங்கல் இல்லாமல் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பது அவர் தனக்கு வைத்துக்கொண்டிருக்கும் வேலை. அறிவியல் துறைக்கும் விளையாட்டுக்கும் சென்ற ஆண்டு இருந்தவர்களே தொடர்கிறார்கள்.

நூலகரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பள்ளிக்கு முதன்முறையாக முழுநேர நூலகர் வந்திருக்கிறார். நூலக அறிவியல் படித்தவர், இந்தப் பக்கத்துக்காரர். இதுவரை யாருக்கு வகுப்பு இல்லையோ அந்த ஆசிரியர் சாவியை வைத்திருந்தார். இனிக் காலை முதல் மாலை வரை நூலகம் திறந்திருக்கும்.

புத்தகம் சேர்ப்பதில் நம் மண்ணுக்கு ஒரு பெருமை உண்டு. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா, தன் ஆயுள் முழுக்க நூல்கள், இதழ்கள், நாடக நோட்டீசுகள், அழைப்பிதழ்கள் என்று தமிழில் அச்சான எதையும் விடாமல் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தார். பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, நாட்டைவிட்டுக் கொண்டுபோகாமல் 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அமைய வழிசெய்தது. இன்று தமிழில் ஆராய்ச்சி செய்பவர் யாரும் அந்த வாசலை மிதிக்காமல் இருப்பது கடினம். அதன் தொடக்கம் நம் பஸ் நாள்தோறும் நின்று போகும் கோட்டையூர் என்பது எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

நம் வீடுகளின் முகப்பு அறைகளிலும் பரண்களிலும் மரப் பெட்டிகளிலும் இன்னும் எவ்வளவோ இருக்கிறது. கோயில் குடமுழுக்கு மலர், கடைக் கணக்கு ஏடு, ரங்கூனிலிருந்து வந்த கடிதம், பழைய திருமண அழைப்பிதழ். பங்கு பிரிக்கும்போதும் வீட்டைப் பிரிக்கும்போதும் தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன. அவற்றுக்காவது ஒரு விலை கிடைக்கிறது. காகிதம் எடைக்குத்தான் போகிறது. தயவுசெய்து அப்படிப் போட்டுவிடாதீர்கள். பள்ளிக்குக் கொடுத்து அனுப்புங்கள். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நூலகர் மேற்பார்வையில் படம் எடுத்து, பட்டியல் எழுதி, பொருளை ரசீதோடு உங்களிடமே திருப்பித் தருவார்கள். சொத்து, கடன் சம்பந்தமான ஏடுகளை மட்டும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு அனுப்புங்கள்.

மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவையும் புதுப்பித்திருக்கிறோம். 2021-இல் தமிழக அரசு தந்த வழிகாட்டுதல்படி ஆசிரியர்கள், பெற்றோர், நிர்வாகத்தின் சார்பில் ஒருவர், ஆசிரியரல்லாத பணியாளர் ஒருவர் எல்லாரும் இதில் இருக்கிறார்கள். பெற்றோர் சார்பில் இருவரைப் பெற்றோர் ஆசிரியர் கழகமே தேர்ந்தெடுத்துத் தந்தது. நூலகத்துக்குப் பக்கத்தில் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. அதைக் குழு உறுப்பினர் இருவர் சேர்ந்துதான் திறப்பார்கள். பள்ளிக்கு வெளியே சொல்ல விரும்பினால் அழைக்க, கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவிக்கான 1098 ஆகிய எண்களைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒரு குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் மறைப்பதும் அதில் தண்டனைக்குரியது. பள்ளியின் பெயர் கெட்டுவிடுமே என்று எண்ணி எந்தப் பெற்றோரும் வாய் மூடியிருக்கக் கூடாது. பள்ளியின் பெயரை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் பிள்ளையைப் பாருங்கள்.

மாணவர் தலைவர்களை இம்முறை பிள்ளைகளே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். போட்டியிட்டவர்கள் முதலில் சில வாரம் ஒரு வேலையை எடுத்துச் செய்து காட்ட வேண்டும் என்று நிபந்தனை வைத்தோம். சாப்பாட்டுக்கூடத்தில் கைகழுவும் வரிசை, சிறுவர்களைப் பஸ்ஸில் ஏற்றிவிடுவது, நூலக அலமாரி என்று ஆளுக்கொன்று. நன்றாகப் பேசியவர்களைக் காட்டிலும் பஸ் நிற்கும் இடத்தில் வெயிலில் நின்ற பிள்ளைகளுக்கு அதிக வாக்கு விழுந்தது. எனக்கு அது மிகுந்த நிறைவைத் தந்தது.

பழைய கட்டடத் தாழ்வாரத்தில் பெயர்ந்துபோன தளத்துக்கு ஆத்தங்குடியிலிருந்தே கல் வந்து இறங்கியிருக்கிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் பட்டறைக்கே அழைத்துப்போனோம். கண்ணாடிப் பலகைமேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவதை நேரில் பார்த்தார்கள். சூளை இல்லை, நெருப்பே இல்லை. அங்குள்ள கைவினைஞர் ஒருவர் நம் பிள்ளைகளுக்கு ஒரு நாள் பள்ளிக்கு வந்து கற்றுத்தரவும் சம்மதித்திருக்கிறார்.

மழைத் தண்ணீர் வேலையும் முடிந்துவிட்டது. நம் வீடுகளில் வளவு முற்றத்தில் விழும் கூரைத் தண்ணீரை அண்டா வைத்துப் பிடிப்பதும், மிச்சத்தைக் கிணற்றுக்கோ ஊருணிக்கோ விடுவதும் தாத்தா காலத்து வழக்கம். 2003-இல் அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்குவதற்கு வெகுகாலம் முன்பே இங்கே இருந்தது. புதிய கட்டடத்தின் மொட்டைமாடித் தண்ணீரும் இப்போது வடிகட்டித் தொட்டி வழியே பள்ளிக் கிணற்றுக்குப் போகும்படி குழாய் மாற்றியிருக்கிறோம். ஐப்பசி மழைக்கு முன் தொட்டியைச் சுத்தம் செய்யும் பொறுப்பு பதினோராம் வகுப்புக்கு.

பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோருக்குத் தனியாகச் சில வார்த்தைகள். இந்த மாதமே கல்லூரிகளின், சின்னச் சின்னத் தனியார் பல்கலைக்கழகங்களின் வண்ணப் புத்தகங்கள் உங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கிவிடும். சின்ன நிறுவனம் என்பதாலேயே தள்ளிவிடாதீர்கள். வள்ளல் அழகப்பர் 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கியபோது அதுவும் சிறியதுதான். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948-இல் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1985-இல் அழகப்பா பல்கலைக்கழகம் வந்தது. இன்று சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டக் கல்லூரிகள் அதன்கீழ் இருக்கின்றன. ஆனால் நம்பிக்கை வைக்கும் முன் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட வேண்டும்.

பட்டம் கொடுக்கும் உரிமை அந்த நிறுவனத்துக்கு உண்டா என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் நீங்களே தேடுங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் 1956-ஆம் ஆண்டு மானியக் குழுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். சட்டம், மருந்தியல், செவிலியர் படிப்புகளுக்கு அந்தந்தக் கவுன்சிலின் அனுமதியும் தனியாக வேண்டும். அடுத்து, யார் நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். துணைவேந்தராக வருபவருக்குப் பேராசிரியராகவோ அதற்கு இணையான ஆராய்ச்சி, கல்வி நிர்வாகப் பணியிலோ குறைந்தது 10 ஆண்டு அனுபவம் வேண்டும் என்று மானியக் குழுவின் 2018 விதிகள் சொல்கின்றன. புதிய துணைவேந்தர் பொறுப்பேற்றார் என்று முழுப்பக்கப் படம் போடுவார்கள். நான் அதைவிட, பதிவாளரும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரும் நிரந்தரமாக இருக்கிறார்களா, 'பொறுப்பு' என்று போட்டு இழுத்துக்கொண்டிருக்கிறார்களா என்றுதான் பார்ப்பேன். பிள்ளையின் மதிப்பெண் பட்டியலும் பட்டமும் அந்த இரண்டு மேஜைகளைத் தாண்டித்தான் வர வேண்டும்.

இடம் உறுதி செய்ய என்று அசல் சான்றிதழ்களைக் கேட்டால் சரிபார்த்ததும் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நிறுவனங்கள் அவற்றைத் தங்களிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று மானியக் குழு 2018 அக்டோபரிலேயே அறிவித்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வாருங்கள். மேல்படிப்பு ஆலோசனைக்கு வேதியியல் ஆசிரியரை நியமித்திருக்கிறோம், வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் இருப்பார்.

புதிய பொறுப்பாளர்களை நேரில் பார்க்க ஆடி முதல் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பெற்றோர் கூட்டம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் தடங்களில் பள்ளிப் பஸ் வழக்கமான நேரத்துக்கு வரும், அதிலேயே பெரியவர்களும் ஏறிக்கொள்ளலாம். வெளிநாட்டில் இருக்கும் அப்பா அம்மாக்கள், தங்களுக்குப் பதிலாக வீட்டில் யார் கையெழுத்துப் போடலாம், அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதி அதற்குள் அனுப்பிவிடுங்கள். அந்தக் கடிதம் இருந்தால்தான் ஆயாவோ அப்பத்தாவோ வந்து கேட்கும்போது பிள்ளையை எங்களால் தயங்காமல் அனுப்ப முடியும்.

அன்புடன்,
தலைமையாசிரியை